அடுப்புக்கு மேலிருந்து உள்சுவருக்கு: அப்பாவின் மருந்துப் பெட்டி

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேராவது அப்பாவின் மருந்துப் பெட்டியிலிருந்து எதையாவது வாங்கிக் குடித்தவர்கள். மீதிப் பேர் வாங்கித் தடவிக்கொண்டவர்கள். ஆகவே, அவரைப் பற்றி எழுதச் சொல்லி அண்ணன் என்னிடம் தாளை நீட்டியபோது எதை எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. பிறப்பு, தொழில், குடும்பம், கடைசி நாட்கள் என்று முறைப்படியே எழுத உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் கதை அந்தப் பெட்டியில்தான் வந்து நிற்கிறது.

அப்பா வலப்பனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவர். அவருடைய தாய் தகப்பன் திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கைக்குக் கப்பலேறி வந்தவர்கள். அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தார். சிறு வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். டிஸ்பென்சரி அப்போது பக்கத்துத் தோட்டத்தில்தான் இருந்தது. மழையில் ஆள் போய் மருந்தோடு திரும்பியபோது அது தேவைப்படவில்லை. இதை அப்பா எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஆனால் "வீட்டில மருந்து இல்ல" என்று யாராவது சொன்னால் அவருடைய முகம் மாறுவதை நாங்கள் பல தடவை பார்த்திருக்கிறோம்.

தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார். பிறகு தொழிற்சாலையில் பெட்டி அடித்தார். ராகலைக்கு மேலேயுள்ள இந்தத் தோட்டத்துக்கு வந்து, லொறியில் கிளீனராக ஏறி, நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில் டிரைவரானார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்ததையும் தனக்கு ஸ்டியரிங் கிடைத்ததையும் ஒரே மூச்சில்தான் சொல்வார். தேயிலைப் பெட்டிகளை நானுஓயா ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அரிசி மூட்டையோடு திரும்பும் வேலை. வழியில் நுவரெலியாவில் ஒரு மருந்துக்கடை. தோட்டத்தில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் அப்பாவிடம் சொல்லி அனுப்புவார்கள். பிள்ளைக்கு ஓமத்திரவம், இடுப்பு வலிக்குத் தைலம், புண்ணுக்கு அயடீன், வயிற்றுக்குப் பேதி உப்பு. ஒருவர் ஒன்று கேட்டால் அப்பா இரண்டு வாங்குவார். இரண்டாவது எங்கள் பெட்டிக்கு.

அந்தப் பெட்டி, உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகையில் அவரே அடித்தது. அதை அவர் வைத்திருந்த இடம் அடுப்புக்கு மேலே.

வெளியூர் உறவினர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பனி இறங்கினால் துணி காயாது, உப்பு தண்ணீராகும், தீக்குச்சி பற்றாது. அதனால் ஈரம் படக்கூடாத எதையும் அடுப்புக்கு மேலே வைப்பதுதான் வழக்கம். உப்பு, தீப்பெட்டி, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம், அப்பாவின் லைசென்ஸ், எல்லாம் அங்கேதான். மருந்தும் அங்கே போனது. புகையில் லேபல்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. கடைசியில் எல்லாப் போத்தல்களும் ஒரே நிறமாயின.

போத்தல்களுக்கும் ஒரு கதை உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பார்கள், போத்தல் கொடுக்க மாட்டார்கள். போத்தலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். எனவே எங்கள் வீட்டில் இருமல் மருந்து சாராயப் போத்தலில் இருந்தது. கைகால் வலிக்குத் தேய்க்கும் மருந்து, தோட்டத்தை நடத்திய துரையின் பங்களாவிலிருந்து வந்த சோஸ் போத்தலில் இருந்தது. சாராயப் போத்தலில் சாராயம் மட்டும் இருந்ததே இல்லை என்று அம்மா இன்றும் சத்தியம் செய்கிறார்.

போத்தலை அடையாளம் காண அப்பாவுக்கு ஒரு வழி இருந்தது. மூடியைத் திறந்து மூக்கருகே பிடித்து, கண்ணை மூடிக்கொள்வார்.

"இருமல் மருந்துதான்."

"எப்படிண்ணே சொல்றீங்க?" என்று பக்கத்துக் காம்பரா மாரியாயி அத்தை கேட்பார். அத்தைக்கு அப்பா கூடப்பிறக்காத அண்ணன். அப்பாவின் மருந்தில் அவருக்கு இருந்த நம்பிக்கை அப்பாவுக்கே இருந்ததா என்பது சந்தேகம்.

"வாசத்துல சொல்றேன்."

"எனக்குப் பொக வாசந்தாண்ணே வருது."

"அந்தப் பொகைக்கு உள்ள ஒரு வாசம் இருக்கு, ஆயி. அதப் புடிக்கணும்."

அத்தை தலையாட்டிக்கொண்டு குடிப்பார். பெரும்பாலும் குணமும் ஆனது.

நான் எட்டாம் வகுப்பு முடித்ததும், கண்டியில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கலக்கும் பயிற்சிக்குப் பெண் பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பாதான் விண்ணப்பம் வாங்கி வந்தார். பொம்பிளைப் பிள்ளையைக் கண்டிக்கு அனுப்புவதா என்று உறவில் சிலர் கேட்டார்கள். "நான் மோந்து பாத்துச் சொல்றேன். அவ படிச்சுப் பாத்துச் சொல்லட்டும்" என்றார். கேட்டவர்கள் பலரும் இன்று இந்த மலரை வாசிக்கிறார்கள். வருத்தம் ஒன்றும் இல்லை.

பயிற்சி முடித்துப் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, வந்த காலையிலேயே ஸ்டூலைப் போட்டுப் பெட்டியைத் திறந்தேன். தைலம் உருகி மூடிவழி இறங்கியிருந்தது. காய்ச்சல் மாத்திரை புளித்த காடி வாசம் அடித்தது. கண் மருந்து எந்தக் காலத்தது என்று தெரியவில்லை. நாலு காரியம் உடனே செய்ய வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். பெட்டியை அடுப்பு மேலிருந்து எடுக்க வேண்டும். ஈரத்தைப் போலவே சூடும் மருந்தைக் கெடுக்கும். மருந்து அதனதன் போத்தலில், பெயர் எழுதி இருக்க வேண்டும். குடிப்பதும் தடவுவதும் ஒரே தட்டில் இருக்கக்கூடாது. பூட்டு வேண்டும்.

அப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீ பாஸ் பண்ணிட்டேன்னு தெரியுது ஆத்தா. ஆனா பூட்டுப் போட்டா, நான் லொறியில போயிருக்கிறப்ப ஒருத்தருக்கு மருந்து வேணும்னா என்ன செய்வாங்க?"

"சாவி அம்மாகிட்ட இருக்கட்டுமே அப்பா."

"ஒங்கம்மா மலையில கொழுந்தெடுத்துக்கிட்டு இருப்பா."

அவர் பார்வையில் பூட்டிய பெட்டியும் மருந்து இல்லாத வீடும் ஒன்றுதான். பொங்கல் முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அண்ணனின் மகள் செல்விக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. அவளுக்குக் கீழே ஒரு தம்பி பிறந்து சில மாதம்தான். அண்ணியின் உடம்பில் இரத்தம் குறைவு என்று டிஸ்பென்சரியில் சிவப்பு நிறச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். மேலே சர்க்கரைப் பூச்சு உள்ள மாத்திரை. கடதாசியில் சுற்றிக் கொடுத்தது. அடுப்புச் சூட்டில் கடதாசியோடு ஒட்டிக்கொள்கிறதே என்று அப்பா அதை ஒரு டின்னில் கொட்டினார். அது டொபி மிட்டாய் டின். மூடியில் ரோஜாப்பூப் படம். பிள்ளைகள் கசப்பு மருந்து குடித்ததும் கொடுப்பதற்காக அப்பா அதே பெட்டியில்தான் டொபியும் வைத்திருந்தார். டொபி தீர்ந்த டின்னில் மாத்திரை ஏறியது. "இந்தா, டொபி டொபி" என்று சொல்லியே மருந்து கொடுப்பதும் அவருடைய வழக்கம்.

பொங்கலுக்கு அடுத்த நாள் மத்தியானம். அண்ணன் தொழிற்சாலையில். அம்மாவும் அண்ணியும் தண்ணீர் விழும் பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சாப்பாட்டுக்கு வந்திருந்தார். மாரியாயி அத்தை இருமல் மருந்து கேட்டு வந்தார். அப்பா பெட்டியிலிருந்து முன்னால் இருந்த சாமான்களைக் கீழே பெஞ்சில் எடுத்து வைத்துவிட்டு, உள்ளேயிருந்த போத்தலோடு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். இருவரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கம் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தையின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஏ புள்ள, இங்க வந்து பாரு! ஒங்க வீட்டுச் சின்னக் கெழவி வெத்தல போட்டிருக்கா!"

செல்வி பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உதடு, நாக்கு, கன்னம் எல்லாம் சிவப்பு. மடியில் ரோஜாப்பூ டின்.

நான் டின்னைப் பிடுங்கினேன். வாயில் விரலை விட்டு இருந்ததை எடுத்தேன்.

"அப்பா, இதுல எத்தன மாத்திரை இருந்துச்சு?"

அப்பா டின்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "தெரியலையே ஆத்தா" என்றார். நான் அதுவரை அவர் வாயிலிருந்து கேட்டிராத குரல். "கொட்டி வச்சேன். எண்ணல."

"சத்து மாத்திரைதான புள்ள? பாப்பாவுக்கும் சத்துதான?" என்றார் அத்தை.

"பெரியவங்களுக்குத்தான் அத்தை சத்து. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அது வெஷம்."

"அப்ப புளித்தண்ணி கரைக்கவா?"

"ஒண்ணும் குடுக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

அப்பா அதற்குள் ஓடிக்கொண்டிருந்தார். லொறி தொழிற்சாலை வாசலில் நின்றது. நானுஓயா ரயிலுக்காகத் தேயிலைப் பெட்டி பாதி ஏற்றியிருந்தார்கள். நான் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தபோது, அப்பா தொழிற்சாலையைப் பார்க்கும் டீமேக்கர் ஐயாவுக்கு முன்னால் நின்றார்.

"லொறிய எடுக்கிறேங்க ஐயா."

"தொரைகிட்டக் கேக்காம எப்படிப்பா? இந்த ரயிலுக்குப் பெட்டி போயாகணும்."

"கேக்க நேரமில்லீங்க. நாளைக்கு வேலைய விட்டு நிப்பாட்டுங்க. இப்ப தள்ளுங்க ஐயா."

டீமேக்கர் ஐயா தள்ளி நின்றார். அதோடு, பின்பலகையை மூடி ஆணியும் போட்டுவிட்டார். அண்ணன் ஓடி வந்து பின்னால் பெட்டிகளோடு ஏறிக்கொண்டார். ராகலை, கந்தப்பளை, நுவரெலியா. அந்தப் பாதையில் அப்பா அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் ஹோன் அடித்தார். செல்வி என் மடியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். எடுக்க எடுக்க, "வரட்டும் தாயி, வரட்டும்" என்று பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். டாக்டர் சிங்களவர். மாத்திரை பிள்ளை கைக்கு எப்படிப் போனது என்று கேட்டார். "டொபி டின்னில் போட்டு வைத்திருந்தேன். போட்டது நான்" என்று அப்பா சிங்களத்திலேயே சொன்னார். கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

முதல் இரவைக் கடக்க வேண்டும் என்றார் டாக்டர். கடந்தோம். மறுநாள் காலை செல்வி கண்ணைத் திறந்து, பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா வாழைப்பழம் உரிப்பதைப் பார்த்துக் கையை நீட்டினாள். அப்பா வெளியே போய் ஆஸ்பத்திரித் தோட்டத்துப் பூச்செடிகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, அந்த அம்மாவிடம் பழம் கேட்டு வாங்கிக்கொண்டு, "குடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் அப்பா மருந்து, உணவு பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. "டாக்டரக் கேட்டுட்டு" என்றேன்.

துரை அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. பெட்டிகள் ரயிலைத் தவறவிட்டதற்காக ஒரு கிழமை முழுவதும் லொறியிலிருந்து இறக்கி, மலையில் புல்வெட்டுக்கு அனுப்பினார். "தொர எனக்கு லீவு குடுத்திருக்காரு" என்று சொல்லிக்கொண்டு போனார் அப்பா. முதல் நாள் காலைப் பெரட்டில் ஆட்கள் எல்லோரும் கூடி நிற்க, பேர் கூப்பிட்டு முடிந்ததும், மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கேட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. என் பேத்தி சாகப் பாத்தா. பேய் பிசாசு இல்ல, கண்ணூறும் இல்ல. முட்டாய் டின்னுல மருந்தப் போட்டவன் நான். எங்க வீட்டுப் பெட்டியில இருக்கிறது எல்லாத்தையும் கொட்டப் போறேன். எங்கிட்ட வாங்கினது ஒங்க வீடுகள்லயும் இருக்கும். அதையும் கொண்டாங்க."

கூட்டத்தில் ஒரு குரல்: "அப்ப இத்தன நாளா நாங்க குடிச்சது, டிரைவரே?"

"குடிச்சது போச்சு. உசிரோட இருக்கீங்கள்ல, பெறகென்ன?"

பெரட்டு சிரித்துக்கொண்டே கலைந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கூடையிலும் சாக்கிலும் முந்தானையிலும் போத்தல்கள் வந்தன. மேல் லயத்துப் பெருமாள் தாத்தா ஒரு போத்தலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"இது என்ன மருந்து தாத்தா?" என்று கேட்டேன்.

"பேரு தெரியாது ஆயி. ஆனா ரொம்ப நல்ல மருந்து."

"எதுக்கு நல்லது?"

"அது தெரிஞ்சா நான் குடிச்சிருப்பேனே!"

மாரியாயி அத்தைதான் கடைசிவரை தன் போத்தலைக் கொடுக்க மறுத்தார். "ஒரு டின்னால வந்த வெனைக்கு என் இருமல் மருந்து என்னண்ணே பண்ணுச்சு?" என்று சண்டை பிடித்தார். அப்பா அதை வாங்கி, மூடியைத் திறந்து, அத்தையின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"சொல்லு, என்ன வாசம்?"

"பொக."

"எனக்கும் அதாம் ஆயி வருது. எப்பவும் அதான் வந்துச்சு."

அத்தை போத்தலைத் தம் கையில் வாங்கி இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தார். பிறகு, "அடப்பாவி அண்ணே!" என்று சிரிக்க ஆரம்பித்தார். அதன் பிறகு போத்தலை அவரே கவிழ்த்தார். பீலிக்குத் தூரமாக, தேயிலை இல்லாத இடத்தில் குழி வெட்டி, சாம்பலோடு கலந்து எல்லாவற்றையும் புதைத்தோம்.

புல்வெட்டிலிருந்து வந்த சாயங்காலங்களில் அப்பா புதிய பெட்டி அடித்தார். இடம் நான் சொன்னது: இரண்டு காம்பராக்களுக்கும் இடையிலான உள்சுவர். வெளிச்சுவரில் மழை ஈரம் ஏறும், அடுப்புச் சுவரில் சூடு ஏறும். உள்சுவரில் இரண்டும் இல்லை. உயரம் அவர் சொன்னது: பெஞ்சில் ஏறிய பிள்ளைக்கும் எட்டாத உயரம். உள்ளே பழைய தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளைத் தைத்தார். மேல்தட்டில் குடிக்கும் மருந்து, கீழ்த்தட்டில் தடவும் மருந்து. தடவும் போத்தலின் கழுத்தில் சிவப்பு நூல், வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிவதற்காக. ஒவ்வொன்றிலும் மருந்தின் பெயர், யாருக்கு, எப்போது வாங்கியது என்று நான் எழுதி ஒட்டி, புகையும் ஈரமும் படாமல் மேலே மெழுகு தேய்த்தேன். சுத்தத் துணி, கத்தரி, காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக்குழாய், அயடீன், விளக்கெண்ணெய், ஓமத்திரவம், தைலம். அவ்வளவுதான். டொபி வேறு வீட்டில். அப்பா அதை மாரியாயி அத்தை வீட்டில் வைத்தார். கசப்பு மருந்து குடித்த பிள்ளைகள் அங்கே ஓடுவார்கள்.

பூட்டு லொறியின் சாமான் பெட்டியிலிருந்து வந்தது. சாவி அம்மாவின் முந்தானையில். அம்மா மலையில் இருக்கும்போது என்ன செய்வது என்ற அப்பாவின் பழைய கேள்விக்கு அவரே விடை கண்டுபிடித்தார்: இரண்டாவது சாவி, மலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயாவின் கழுத்தில். பகலில் மலைக்குப் போகாத பெரிய மனுஷி அவர் ஒருவர்தானே. மருந்தில்லாத வீடாக எங்கள் வீடு ஒரு நாளும் இருந்ததில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு முன்னால் வீடு மெழுகும் நாளில், பெட்டியைக் காலி செய்து பழையதைக் கொட்டுவது எங்கள் லயத்தில் வழக்கமாயிற்று. டின் கதையை அப்பா மறைத்ததே இல்லை. புதுப் பெண் லயத்துக்கு வந்தால் முதலில் சொல்லும் கதை அதுதான். செல்வியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொல்வார். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அவளே அந்தக் கதையைச் சொல்கிறாள். மாத்திரைகளின் எண்ணிக்கை மட்டும் ஒவ்வொரு தடவையும் கூடுகிறது.

கடைசி இரண்டு ஆண்டுகள் அப்பாவுக்கு நெஞ்சில் நோவு இருந்தது. லொறியை விட்டிறங்கினார். நாக்குக்கு அடியில் வைக்கும் சிறிய மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தார்; காற்றுப் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால் கறுத்த கண்ணாடிப் போத்தலில், இறுக மூடி இருக்க வேண்டும். அப்பா ஒரு தடவையும் மூடியைத் தளர்வாக விட்டதில்லை. அதே நோவு உள்ள ஒருவர் இரண்டு மாத்திரை கேட்டு வந்தபோது, வாழ்நாள் முழுவதும் மருந்து பங்கிட்ட எங்கள் அப்பா, "இது எனக்குன்னு குடுத்தது தம்பி. ஒனக்கு என்னான்னு டாக்டர் சொல்லட்டும்" என்று சொல்லி, அண்ணனைக் கூட அனுப்பி அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். ஒரு பனிக்காலைப் பொழுதில், தேநீர் குடித்து முடித்து, அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே போனார். அவதிப்படவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும்.

அன்று வழிவிட்டு நின்ற டீமேக்கர் ஐயாவுக்கும், பேத்தியைத் திருப்பித் தந்த டாக்டருக்கும் தாதிமாருக்கும், அப்பாவின் நோவுக் காலத்தில் ராகலைக்கும் நுவரெலியாவுக்கும் அவரை அழைத்துப்போன லொறி நண்பர்களுக்கும், தப்பு அடித்து வழியனுப்பிய மேல் லயத்து உறவினர்களுக்கும், கருமாதி வரை எங்கள் அடுப்பை எரியவிடாமல் தம் வீட்டுச் சோற்றைக் கொண்டுவந்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

ஒருவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கருமாதி முடிந்த மறுநாள் காலை மாரியாயி அத்தை ஒரு சிரட்டை நிறையச் சாம்பலோடு வந்து வாசலில் நின்றார்.

"ஏ புள்ள, அண்ணனோட மாத்திரையக் கொட்டியாச்சா?"

இல்லை. கறுத்த போத்தல் மேல்தட்டில் அப்படியே இருந்தது. கொட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தினமும் காலையில் பெட்டியைத் திறப்பேன். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பூட்டிவிடுவேன்.

"இருக்கட்டும் அத்தை, அப்புறம் கொட்டலாம்."

"அப்புறமெல்லாம் இல்ல. அண்ணன் போன மாசமே எங்கிட்டச் சொல்லிட்டுது. 'படிச்ச புள்ளதான், ஆனா என் போத்தலக் கொட்ட அவளுக்கு மனசு வராது. நீ போயி நில்லு ஆயி'ன்னு சொல்லிச்சு. நான் வந்து நிக்கிறேன்."

இருவருமாகக் குழி வெட்டினோம். மாத்திரைகளைப் பொடித்துச் சாம்பலில் கலந்தது அத்தை. மண்ணைத் தள்ளியது நான். பிறகு அத்தை என் கையைப் பிடித்துத் தம் வீட்டுக்குள் கூட்டிப்போய், ஒரு டொபியை உரித்து என் வாயில் போட்டார்.

மாரியாயி அத்தைக்கு எங்கள் நன்றி.